தன் மூச்சிலேயே சோதித்தவர்

ஹவுன்ஸ்லோவில் வசந்தம் வந்தால் எம்மவர் வீடுகளில் தும்மலும் வந்துவிடும். போன வருடம் வெங்காயத்திலும் அப்பிளிலும் உள்ள குவெர்செட்டின் என்ற ஃபிளேவனாய்டு மாத்திரையை நம்பி, தினமும் இழுக்கும் மண்ணிற பம்பை நாம் நிறுத்தினோம். ஒரு இரவு முட்டு கூடியபோதுதான் பிழை விளங்கியது. அன்று நினைவுக்கு வந்தவர் மருத்துவர் ரொஜர் அல்தூனியன்.

1922இல் சிரியாவில், ஆர்மீனிய வேர்கொண்ட வைத்தியக் குடும்பத்தில் பிறந்தார். ஆர்தர் ரான்சமின் 'ஸ்வாலோஸ் அன்ட் அமேசன்ஸ்' கதையில் வரும் சிறுவன் ரொஜருக்குப் பெயர் தந்தவர் இவரே. போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படையில் விமானமோட்டப் பழக்கினார். பின்னர் மருத்துவம் படித்து, அலெப்போவில் குடும்ப மருத்துவமனையில் பணிபுரிந்தார். 1956இல் அங்கிருந்து வெளியேறி, இங்கிலாந்தில் மருந்துக் கம்பனியொன்றில் சேர்ந்தார்.

அவருக்கும் முட்டு வருத்தம் இருந்தது. மத்தியகிழக்கின் கெல்லா செடியில் உள்ள கெல்லினைப் பின்பற்றி ஆய்வுகூடத்தில் செய்த சேர்மங்களைத் தம்மிலேயே சோதித்தார். கினிப்பன்றி முடிச்சாற்றைச் சுவாசித்து, வேண்டுமென்றே முட்டை வரவழைத்து, எது தடுக்கிறது என்று அளந்தார். 1965இல் சோடியம் குரோமோகிளைகேட் கிடைத்தது. அந்தத் தூளை உள்ளிழுக்க, விமானச் சுழலிபோல் சுற்றும் ஸ்பின்ஹேலரையும் அமைத்தார். 1987இல் மறைந்தார். அவரது மருந்து இன்றும் கண் அரிப்புக்குச் சொட்டுமருந்தாக ஃபார்மசிகளில் கிடைக்கிறது.

குவெர்செட்டினும் அதுவும் வேதியியலில் தூரத்து உறவு. ஆனால் ஒன்றின் கணக்கு தணிக்கை செய்யப்பட்டது. மற்றதன் பேரேடு இன்னும் மூடப்படவில்லை. மாத்திரை எடுப்பதானால் வைத்தியரிடம் சொல்லிவிட்டு எடுப்போம். பம்பை மட்டும் கைவிடவேண்டாம்.