கம்மந்தான் கான்சாகிபு

நுழையும்முன்

ஓர் அரசின் வலிமை அதன் படையில் இருக்கிறது. அப்படையின் வலிமையோ அதில் சேரும் மக்களிடம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழகத்தில் வேரூன்றிய ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி, உள்நாட்டு வீரர்களைக் கொண்டே தன் காலாட்படையைப் பெருக்கிக்கொண்டது. அப்படையின் தலைவராக உயர்ந்து, பின்னர் அதே படையால் முற்றுகையிடப்பட்டு மாண்டவர் கான்சாகிபு.

படைவீரர் தலைவரானார்

இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த பனையூரில் எளிய குடும்பமொன்றில் தோன்றியவர் மருதநாயகம். இளமையிலேயே ஊரை விட்டு வெளியேறிய அவர், இசுலாம் தழுவி முகமது யூசுப்கான் எனப் பெயர் பெற்றார். 1752ஆம் ஆண்டளவில் தமக்கென ஒரு சிறு வீரர் கூட்டத்துடன் கும்பினிப் படையில் இணைந்தார்.

அக்காலத்தில் ஆர்க்காட்டு நவாபு பதவிக்காக மூண்ட போரில் ஆங்கிலேயர் முகமது அலியையும், பிரெஞ்சுக்காரர் அவருடைய எதிரிகளையும் ஆதரித்தனர். திருச்சிராப்பள்ளிக் கோட்டை அப்போரின் நடுக்களமாக விளங்கியது. கோட்டைக்குள் இருந்த படைக்கு உணவு கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. தஞ்சைப் பகுதியிலிருந்தும் புதுக்கோட்டைத் தொண்டைமான் நாட்டிலிருந்தும் வந்த தானிய வண்டிகளுக்குக் காவலாக நின்றவர் யூசுப்கான். நாட்டின் வழிகளையும் மக்களின் இயல்பையும் அறிந்திருந்த அவர், ஒற்றர்களை ஏவிப் பகைவரின் நடமாட்டத்தை முன்கூட்டியே அறிந்துவந்தார். அவருடைய வளர்ச்சி கண்டு பொறாமை கொண்ட மொழிபெயர்ப்பாளர் ஒருவர், பொய்க் கடிதம் புனைந்து அவர்மீது துரோகப் பழி சுமத்தினார். விசாரணையில் சூழ்ச்சி வெளிப்பட்டது. யூசுப்கானின் பெயர் தூய்மை பெற்றது. ஆங்கிலப் படைத்தலைவர் லாரன்சின் நம்பிக்கைக்கு உரியவரான அவர், 1754ஆம் ஆண்டில் கும்பினிச் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவராக்கப்பட்டார். அப்பதவியைக் குறித்த ஆங்கிலச் சொல் மக்கள் நாவில் ‘கம்மந்தான்’ என மருவியது.

1758ஆம் ஆண்டு இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டைக்கு வெளியே நின்ற யூசுப்கான், செங்கல்பட்டிலிருந்த ஆங்கிலத் தளபதி பிரஸ்டனுடன் சேர்ந்து, பிரெஞ்சுப் படைக்குச் செல்லும் உணவையும் தளவாடங்களையும் இடைமறித்தார். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையைக் கைவிட்டார். தனித்தனிக் குழுக்களாக இருந்த சென்னைச் சிப்பாய்கள் முறையான பட்டாளங்களாக ஒழுங்கமைக்கப்பட்டதும் இக்காலத்தில்தான். இன்றைய இந்தியத் தரைப்படையின் மெட்ராஸ் ரெஜிமென்ட், 1758ஆம் ஆண்டையே தன் தொடக்கமாகக் கொள்கிறது.

மதுரையில் ஆட்சி

மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வரி தண்டும் பொறுப்பும் ஆட்சிப் பொறுப்பும் 1759இல் யூசுப்கானிடம் வந்தன. கும்பினியின் ஆதிக்கத்தை ஏற்க மறுத்த பாளையக்காரர்களை அவர் அடக்கினார். நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் கோட்டைகள் 1761இல் அவரிடம் வீழ்ந்தன. அந்நிய ஆதிக்கத்தை முதலில் எதிர்த்தவர்களுள் ஒருவரான பூலித்தேவரை வீழ்த்தியது, தமிழ் மண்ணில் பிறந்த ஒருவரின் படை என்பதை வரலாறு மறைக்கவில்லை.

எனினும், ஆட்சியாளராக அவர் மக்களின் நன்மதிப்பைப் பெற்றார். கள்வர் தொல்லையை ஒடுக்கினார், நீர்நிலைகளைச் செப்பனிட்டார், நெசவையும் வணிகத்தையும் ஊக்குவித்தார். மீனாட்சியம்மன் கோயில் இழந்திருந்த நிலங்களை மீண்டும் அக்கோயிலுக்கே வழங்கினார்.

முரணும் முற்றுகையும்

1761இல் புதுச்சேரி வீழ்ந்ததும் பிரெஞ்சு அச்சம் நீங்கியது. யூசுப்கானின் வளர்ச்சி நவாபு முகமது அலியின் கண்ணை உறுத்தியது. வரிப்பணத்தைத் தம் வழியாகவே செலுத்த வேண்டும் என்றும், யூசுப்கான் தம் ஊழியரே என்றும் நவாபு வற்புறுத்தினார். கும்பினிக்கு நேரடியாகப் பணம் செலுத்த யூசுப்கான் முன்வந்தும் சென்னை நிருவாகம் நவாபின் பக்கமே நின்றது. தமக்கு உயர்வளித்த கும்பினி தம்மைக் கைவிட்டதை உணர்ந்த அவர், 1763இல் தம்மைத் தனியாட்சியாளராக அறிவித்துக்கொண்டார். மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது.

கும்பினிப் படையும் நவாபின் படையும் மதுரையைச் சூழ்ந்தன. முதல் முற்றுகை மழைக்காலத்தில் கைவிடப்பட்டது. 1764இல் தளபதி கேம்பல் மீண்டும் முற்றுகையிட்டார். கோட்டையைத் தாக்கி ஏற முயன்ற ஆங்கிலப் படை பேரிழப்புடன் பின்வாங்கியது. சென்னைப் போரில் யூசுப்கானின் தோழராக நின்ற பிரஸ்டன், அத்தாக்குதலில் பட்ட காயத்தால் மாண்டார். போரால் வெல்ல இயலாத கோட்டையைப் பசியால் வெல்ல எண்ணிய கேம்பல், உள்ளே உணவு செல்லும் வழிகளை அடைத்தார். முன்னர்த் திருச்சிராப்பள்ளியின் பசியைத் தீர்த்த வீரர், இப்போது தம் கோட்டையின் பசியைத் தீர்க்க வழியின்றி நின்றார்.

1764 அக்டோபர் 13ஆம் நாள், பிரெஞ்சு அதிகாரி மார்ச்சந்தும் திவான் சீனிவாசராவும் உள்ளிட்டோர் அவரைப் பிடித்து ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தனர். தொழுகையில் இருந்தபோது பிடிபட்டார் என்பது மக்கள் வழக்கு. இரண்டு நாள் கழித்து, நவாபின் ஆணைப்படி மதுரைக்கு அருகே சம்மட்டிபுரத்தில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

மக்கள் நினைவில்

யூசுப்கானின் வாழ்வு இருமுகம் கொண்டது. கும்பினியின் கால் தென்னாட்டில் ஊன்ற உதவியவரும் அவரே. அதன் பிடியை உதற முயன்று உயிர் கொடுத்தவரும் அவரே. உள்நாட்டவரின் வீரத்தை வேண்டிய கும்பினி, அவர்கள் உரிமை கோரியபோது பொறுக்கவில்லை என்பதை அவர் முடிவு உணர்த்துகிறது. கதைப்பாடல்கள் அவர் போரைப் பாடின. சம்மட்டிபுரத்தில் உள்ள அவரது அடக்கத்தலம் இன்றும் அவரை நினைவூட்டி நிற்கிறது.