மருந்துப் பெட்டி இல்லாத மருத்துவர்

வெளியூர் கிளம்பும்போது துணிமணிகளோடு ஒரு சின்ன மருந்துப் பையும் எடுத்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம். ஜுரத்துக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடமோ பெண்ணிடமோ போகும் பெரியவர்கள், ஆறு மாதத்துக்கான மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையிலேயே பத்திரப்படுத்துகிறார்கள். பெட்டி எங்காவது தவறிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். அந்தப் பயம் ஒரு மருத்துவரின் வாழ்க்கையில் நிஜமாகவே நடந்தது. அவர் டேவிட் லிவிங்ஸ்டன். பள்ளிப் பாடத்தில் விக்டோரியா நீர்வீழ்ச்சியோடு சேர்த்து நாம் படித்த அதே பெயர்தான்.

1813 மார்ச் 19-ஆம் தேதி ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ அருகே பிளான்டயர் என்ற ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பத்து வயதில் பஞ்சாலையில் வேலைக்குப் போனார். வேலை நேரம் போக இரவில் படித்து, 1840-இல் மருத்துவராகத் தேறினார். மறு வருடமே மதப் பிரசாரகராகத் தென்னாப்பிரிக்காவில் போய் இறங்கினார். 1844-இல் ஒரு சிங்கம் பாய்ந்து இடது தோள் எலும்பை நொறுக்கியது. அந்தக் கை கடைசி வரை சரியாகவில்லை. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1853 நவம்பரில் 27 ஆட்களுடன் ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியிலிருந்து மேற்குக் கடற்கரையை நோக்கிப் புறப்பட்டார். வழியெல்லாம் மலேரியா. எருதின் மேல் உட்காரக்கூடத் தெம்பில்லாத நாட்கள் உண்டு. 1854 மே 31 அன்று லுவாண்டாவை அடைந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். அங்கிருந்த ஆங்கிலேய அதிகாரி எட்மண்ட் கேப்ரியல் தன் படுக்கையையே கொடுத்துப் பராமரித்தார். துறைமுகத்தில் இங்கிலாந்து போகும் கப்பல்களும் இருந்தன. வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம் என்று கப்பல்காரர்கள் அழைத்தார்கள். லிவிங்ஸ்டன் மறுத்துவிட்டார். கூட வந்தவர்களைத் திரும்ப ஊரில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார். உடம்பு ஓரளவு தேறியதும் வந்த வழியே காட்டுக்குள் நடந்தார்.

கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. ரொனால்ட் ராஸ் அதைச் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897-இல்தான். ஆனால் கொய்னா அந்த ஜுரத்தைக் கட்டுப்படுத்தும் என்று லிவிங்ஸ்டனுக்கு அனுபவத்தில் தெரியும். அதோடு வேறு சில பேதி மருந்துகளைக் கலந்து மாத்திரை உருட்டி வைத்திருந்தார். அப்படியிருந்தும் 1862-இல் ஜாம்பெசி நதிக்கரையில் ஷுபங்கா என்ற இடத்தில் அவருடைய மனைவி மேரி ஜுரத்தில் இறந்துபோனார். மருத்துவரான கணவர் பக்கத்திலேயே இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

மும்பை அன்பர்களுக்கு ஒரு தகவல். 1864-இல் லேடி நியாசா என்ற தன் சிறு நீராவிப் படகைத் தானே ஓட்டிக்கொண்டு, சுமார் 4,000 கிலோமீட்டர் இந்துமகா சமுத்திரத்தைக் கடந்து பம்பாய் வந்து சேர்ந்தார். பருவமழை தொடங்கும் நேரம். இன்று நினைத்தாலும் துணிச்சல்தான். கூட வந்த சூமா என்ற ஆப்பிரிக்கச் சிறுவனைப் பம்பாயில் பள்ளியில் சேர்த்தார். சூசி என்பவர் துறைமுகத்தில் வேலைக்கு அமர்ந்தார். அடுத்த வருடம் திரும்பி வந்து படகை விற்று, பணத்தை ஒரு வங்கியில் போட்டார். அந்த வங்கி திவாலாகிப் பணம் போயிற்று. அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டு நாசிக்கில் படித்த ஆப்பிரிக்க இளைஞர்கள் சிலரையும் அழைத்துக்கொண்டு, நைல் நதியின் மூலத்தைத் தேடி 1866-இல் மறுபடி ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தார்.

1867 ஜனவரி 20. மருந்துப் பெட்டியை வழக்கமாகப் பத்திரமாகச் சுமந்து வந்தவர், சிறிது தூரத்துக்கு மட்டும் வேறொருவரோடு சுமையை மாற்றிக்கொண்டார். அந்த ஆள் பெட்டியோடு காட்டுக்குள் மறைந்துவிட்டார். தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். பெய்த மழையில் காலடித் தடமும் அழிந்துபோயிற்று. மற்ற எந்தப் பொருள் போயிருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார். தனக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது போல் உணர்ந்ததாக அன்று நாட்குறிப்பில் எழுதினார். ஓடிப்போனவர்கள் மேல் அதிகம் கோபப்படவில்லை. அடிமை வாழ்வில் வளர்ந்தவர்களிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பது அவர் எண்ணம்.

பயந்தபடியே நடந்தது. சில வாரங்களில் டாங்கனிக்கா ஏரிக்கரையில் ஜுரத்தில் நினைவிழந்து விழுந்தார். 1869 தொடக்கத்தில் நிமோனியா. நடக்க முடியாமல் கட்டிலில் தூக்கிப்போனார்கள். உஜிஜிக்குப் போனால் தனக்கு அனுப்பிய மருந்து காத்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால் சாமான்களில் பெரும்பகுதி களவு போயிருந்தது. மருந்துகளோ பதின்மூன்று நாள் நடை தூரத்தில் உன்யன்யெம்பேயில் தங்கிவிட்டன. 1870-இல் கால் புண்களால் மாதக்கணக்கில் ஒரே குடிசையில் முடங்கினார். 1871-இல் பத்திரிகையாளர் ஸ்டான்லி தேடி வந்து உணவும் மருந்தும் கொடுத்த கதை உலகப் பிரசித்தம். ஊர் திரும்பிவிடலாம் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். லிவிங்ஸ்டன் கேட்கவில்லை. அவர் நைல் என்று நம்பிப் பின்தொடர்ந்த லுவாலபா உண்மையில் காங்கோ நதியின் மேற்பகுதி என்பது பிற்பாடு தெரிந்தது. லுவாண்டாவில் திரும்பாததற்கு ஒரு நியாயம் இருந்தது. இந்தப் பிடிவாதத்தை என்னால் அப்படிப் பாராட்ட முடியவில்லை.

1873 ஏப்ரல். இன்றைய ஜாம்பியாவில் பாங்வியூலு ஏரியைச் சுற்றிய சதுப்பு நிலம். பெருமழை. இரத்தப்போக்கும் வயிற்றுக் கடுப்பும் அவரை உருக்கிவிட்டன. படுக்கையிலிருந்து எழுப்ப முடியாததால் குடிசைச் சுவரை இடித்துத் தூக்குக் கட்டிலை உள்ளே கொண்டுபோனார்கள். சித்தாம்போ என்ற தலைவரின் கிராமத்தை எப்படியோ அடைந்தார்கள். கடைசி இரவில் மருந்துப் புட்டியைக் கேட்டார். சரியான புட்டியைப் பொறுக்கியெடுக்கக்கூடக் கண் தெரியவில்லை. சூசி விளக்கைப் பிடித்தார். விடிவதற்கு முன் பார்த்தபோது, கட்டில் பக்கத்தில் முழந்தாளிட்ட நிலையிலேயே உயிர் போயிருந்தது. அது மே 1 என்பது பொதுவான கணக்கு.

பக்கத்தில் கேட்பார் யாருமில்லை. சூமாவும் சூசியும் மற்றவர்களும் அங்கேயே அடக்கம் செய்துவிட்டுத் தங்கள் வழியே போயிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. இதயத்தை ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். நாசிக்கில் படித்த ஜேக்கப் வெயின்ரைட் பிரார்த்தனை வாசித்து, அந்த மரத்தில் பெயரையும் தேதியையும் செதுக்கினார். உடலை உப்பிட்டு இரண்டு வாரம் வெயிலில் உலர்த்தி, மரப்பட்டையில் சுற்றித் தைத்தார்கள். பிறகு 1,500 கிலோமீட்டருக்கும் மேல் தோளில் சுமந்து நடந்தார்கள். நடுவில் எதிர்ப்பட்ட ஆங்கிலேய அதிகாரி கேமரூன், இங்கேயே புதைத்துவிடலாம் என்றார். அவர்கள் சம்மதிக்கவில்லை. 1874 பிப்ரவரியில் கடற்கரையை அடைந்தார்கள்.

லண்டனில் அந்த உடல் அவருடையதுதானா என்று மருத்துவர்கள் சோதித்தபோது, முப்பது வருடங்களுக்கு முன் சிங்கம் முறித்த இடது கை எலும்பே சாட்சி சொன்னது. 1874 ஏப்ரல் 18 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். சவப்பெட்டியின் திரையைப் பிடித்து நடந்தவர்களில் வெயின்ரைட்டும் ஒருவர். சூமாவையும் சூசியையும் அந்தச் சடங்குக்கு யாரும் அழைத்துவரவில்லை. லிவிங்ஸ்டனின் நண்பர் ஜேம்ஸ் யங் செலவை ஏற்றுக்கொண்ட பின்னர்தான், எல்லாம் முடிந்து அவர்கள் இங்கிலாந்து வந்தார்கள். நாட்குறிப்புகளைப் பதிப்பித்த ஹொரேஸ் வாலரோடு உட்கார்ந்து, கடைசி நாட்களில் நடந்ததை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்கள். அந்தப் புத்தகம் அதே வருடம் வெளிவந்தது.