30 வயதில் தமிழ் படிக்க ஆரம்பித்த இத்தாலிக்காரர்... நெய்வேலிக்குப் பக்கத்தில் வாழ்ந்த வீரமாமுனிவரின் கதை!

ஒரு சின்ன வேலை. உங்க போனை எடுத்து 'பெய்' என்று டைப் பண்ணுங்க. அடுத்து 'பேய்' என்று டைப் பண்ணுங்க. முதல் வார்த்தையில் மழை வருது, இரண்டாவதில் பயம் வருது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம், கொம்போட தலையில இருக்கிற ஒரே ஒரு சுழி.

சுமார் 300 வருஷத்துக்கு முன்னாடி அந்தச் சுழி கிடையாது. குறில் என்றால் மேலே ஒரு புள்ளி வைக்கணும், நெடில் என்றால் புள்ளி வேண்டாம். இலக்கணம் அப்படித்தான் சொன்னது. ஆனா, ஓலையில் எழுத்தாணியால எழுதும்போது பெரும்பாலும் புள்ளியை விட்டுட்டுத்தான் எழுதுவாங்க. அதனால பெய்யா, பேயா என்பதைப் படிக்கிறவங்கதான் இடம் பார்த்து யூகிச்சுக்கணும். நெடிலுக்கு ஒரு சுழியைச் சேர்த்து இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியவர், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் இல்லை. இத்தாலியில் பிறந்த ஒரு பாதிரியார். நாம் வீரமாமுனிவர் என்று அழைக்கிற கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி.

நீங்க நெய்வேலிக்காரரா இருந்தா இந்தக் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கம். டவுன்ஷிப்பில் இருந்து விருத்தாசலம் பஸ் ஏறி, அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் முகாசாபரூரை ஒட்டி கோணான்குப்பம் வரும். அங்கே இருக்கிற பெரியநாயகி மாதா ஆலயம் வீரமாமுனிவர் உருவாக்கியது. ஜனவரி மாதத் திருவிழாவுக்கு நெய்வேலியில் இருந்து போகிறவர்கள் நிறைய பேர். போயிட்டு வந்தவங்க எத்தனை பேருக்கு அந்த மனுஷனோட முழுக் கதை தெரியும்?

திரும்பிப் போகாத பயணம்

1680 நவம்பர் 8-ம் தேதி, வட இத்தாலியில் மாந்துவா பக்கத்தில் இருக்கிற காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார் பெஸ்கி. 1698-ல் இயேசு சபையில் சேர்ந்தார். குருவானவர் ஆனதும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். 1710-ல் கோவா. 1711-ல் மதுரை மிஷன். அப்போது அவருக்கு வயது 30.

30 வயசுல ஒரு புது மொழியை ஆரம்பிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு, வெளிநாட்டு வேலைக்காக ஜெர்மன் கிளாஸ் போறவங்களைக் கேட்டாத் தெரியும். அவருக்கு ஆப் கிடையாது. கையடக்க அகராதி கிடையாது. பாடப்புத்தகம் முழுக்கச் செய்யுள். பேசுற தமிழ் ஒண்ணு, ஓலையில் இருக்கிற தமிழ் வேற ஒண்ணு. சுப்ரதீபக் கவிராயர் என்ற புலவரிடம் முறையாகப் பாடம் கேட்டார் என்பது பரம்பரையாக வருகிற செய்தி. சமஸ்கிருதமும் தெலுங்கும்கூடக் கற்றுக்கொண்டார்.

முதலில் தன் பெயரைத் தைரியநாதர் என்று மாற்றிக்கொண்டார். அதுவே பிறகு வீரமாமுனிவர் ஆனது. மாறினது பேர் மட்டும் இல்லை. காவி உடை, சைவச் சாப்பாடு, துறவியின் நடைமுறை என்று வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார். இது அவர் கண்டுபிடித்த வழி இல்லை. அவருக்கு 100 வருஷம் முன்னால் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி போட்ட பாதை. அந்தப் பாதைக்கு ஒரு விமர்சனமும் உண்டு. உயர்ந்த சாதியினர் மதிக்கிற துறவிக் கோலத்தை எடுத்ததால், அந்த மிஷன் சாதிப் படிநிலையையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது என்பது இன்றுவரை எழுகிற கேள்வி. நியாயமான கேள்விதான். அதை மறைச்சுட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது.

வந்த சில வருஷத்திலேயே எதிர்ப்பு வந்தது. ஒருமுறை பிடிக்கப்பட்டு, சிறையில் வைக்கப்பட்டு, மரண தண்டனை வரைக்கும் போய்த் தப்பினார். அதுக்கப்புறமும் ஊருக்குக் கிளம்பவில்லை. கடைசி வரைக்கும் இத்தாலிக்குத் திரும்பவே இல்லை.

புடவை கட்டிய மாதா

கோணான்குப்பத்துக்கு வருவோம். விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலில் இருக்கிற அம்மன் விருத்தாம்பிகைக்குப் பெரியநாயகி என்றும் பெயர். அதே பெயரைத்தான் தன் ஆலயத்தில் மாதாவுக்கு வைத்தார் வீரமாமுனிவர். மாதாவுக்குப் புடவையும் கட்டினார். கையில் குழந்தையோட நிக்கிற அந்த உருவத்தைப் பார்த்தா, பக்கத்து வீட்டு அக்கா மாதிரிதான் இருக்கும்.

இந்த ஆலயம் எழுந்ததைச் சுற்றி ஏகப்பட்ட கதைகள் இருக்கு. காட்டில் காணாமல் போன சிலை, முகாசாபரூர் கச்சிராயர் குடும்பத்துக்குப் பிறந்த குழந்தை என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். திருச்சியில் சந்தா சாகிப்பைச் சந்திக்கிறதுக்காக மூணே மாசத்துல உருதும் பாரசீகமும் படிச்சார் என்ற கதையும் பிரபலம். ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க. அவருடைய வாழ்க்கையை முத்துசாமிப் பிள்ளை தமிழில் எழுதியது 1822-ல், அதாவது அவர் இறந்து 75 வருஷம் கழித்து. நடுவுல வாய்வழியாச் சேர்ந்தது எவ்வளவோ இருக்கும்.

நெய்வேலிக்காரங்களுக்கு இது புதுசு இல்லை. மேல் மண்ணை வெட்டி அகற்றினால்தான் பழுப்பு நிலக்கரி. வீரமாமுனிவர் விஷயத்தில் அந்த மேல் மண்ணுக்குக் கீழே இருக்கிறது அவர் எழுதிய புத்தகங்கள். அதுல சந்தேகமே வேண்டாம், எல்லாம் கைக்குக் கிடைக்குது.

பேசாத தச்சனுக்கு ஒரு காவியம்

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில், அம்மாவை இழந்த கருணையன் காட்டில் அழுகிற பகுதியைப் படித்த ஞாபகம் இருக்கா? அது தேம்பாவணி. 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல்கள். கருணையன் என்பது பைபிளில் வருகிற திருமுழுக்கு யோவான். ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாத்தையும் தமிழாக்கிவிட்டார்.

காவியத்தின் நாயகன் யார் தெரியுமா? இயேசு இல்லை. இயேசுவை வளர்த்த யோசேப்பு. அவருக்கு வீரமாமுனிவர் வெச்ச பேர் வளன். நற்செய்தி நூல்கள் நான்கையும் புரட்டிப் பாருங்க, யோசேப்பு வாய் திறந்து ஒரு வார்த்தை பேசுற இடம் எங்கேயும் வராது. அவர் ஒரு தச்சர். வேலை செய்கிறார், குடும்பத்தைக் காப்பாற்றுகிறார், ஆபத்து வரும்போது ராத்திரியோட ராத்திரியா எகிப்துக்குக் கூட்டிப் போகிறார். அவ்வளவுதான்.

தமிழில் காவிய நாயகன் என்றால் வில்லும் வாளும் எடுத்த அரசகுமாரன்தான் நம் நினைவுக்கு முதலில் வருவான். அந்த இடத்தில் உளி பிடித்த ஒருத்தரை உட்கார வைத்தார். அதுவும் கம்பனையும் சீவக சிந்தாமணியையும் படித்த தமிழில். ஷிஃப்ட் முடிஞ்சு சுரங்கத்துல இருந்து வர்ற அப்பாவைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். வீட்டையே தாங்குகிறவர் பல நேரம் அதிகம் பேசாதவர்தான். அந்த அமைதியான உழைப்பும் ஒரு பக்திதான் என்பது தேம்பாவணி சொல்கிற ஆன்மிகம்.

முதல்ல நீ, அப்புறம் ஊர்!

வீரமாமுனிவர் என்றால் தேம்பாவணியோடும் சதுரகராதியோடும் நிறுத்திவிடுகிறோம். அவருடைய ஆன்மிகம் நேரடியாக வெளிப்படுகிற புத்தகம் வேதியர் ஒழுக்கம். உரைநடையில் எழுதியது. வேதியர் என்று அவர் சொல்வது ஊர் ஊராகப் போய் மதம் போதித்த உபதேசியார்களை.

ஒரு பாதிரியார் வருஷத்துக்கு ஒருமுறைதான் வர முடிகிற கிராமங்கள் அப்போது நிறைய. மீதி நாளெல்லாம் ஜனங்களுக்கு உபதேசியார்தான் எல்லாம். அப்படிப்பட்டவர்கள் எப்படி இருக்கணும்? புத்தகம் முழுக்கச் சுற்றி வருகிற கருத்து எளிமையானது. ஊருக்குச் சொல்ல வந்தவன், முதலில் தன் உயிரைக் கவனிக்கணும். வாய் சொல்வதைக் கை செய்யணும். இல்லையென்றால் அவன் சொல்வது அவனுக்கும் உதவாது, கேட்கிறவனுக்கும் உதவாது.

இன்னிக்கு நம்ம டைம்லைனைத் திறந்தா காலையில் மோட்டிவேஷன், மதியம் தியானம், ராத்திரி பணம் சம்பாதிக்கும் வழி. எல்லாருமே உபதேசியார்தான், நாமளும்தான். ஒரு ஸ்டேட்டஸ் போடும்போது அதுல பாதியையாவது நாம வாழுறோமா? மதம் எதுவா இருந்தாலும் அந்தப் புத்தகம் கேட்கிற கேள்வி நமக்குப் பொருந்தும்.

இதே மனுஷன்தான் பரமார்த்த குரு கதையையும் எழுதினார் என்பது சுவாரஸ்யம். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குதா, முழிச்சிருக்கான்னு கொள்ளிக்கட்டையை நீட்டிப் பார்க்கிற கூட்டம். பூசணிக்காயைக் குதிரை முட்டைன்னு நம்பி ஏமாறுற கூட்டம். சின்ன வயசுல சிரிச்சுட்டுக் கடந்திருப்போம். இப்போ வேதியர் ஒழுக்கத்தைப் பக்கத்துல வெச்சு யோசிங்க. ஒன்றில் குரு எப்படி இருக்கணும் என்று சொன்னார். இன்னொன்றில் குருவுக்குப் புத்தி இல்லாவிட்டால், கேள்வி கேட்காத சீடர்கள் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று காட்டினார்.

அவரே சறுக்கிய இடம்

அவர் வெச்ச அளவுகோலை அவருக்கே வெச்சுப் பார்ப்போம். சாப்பாட்டில், உடையில், மொழியில் சொன்னபடி வாழ்ந்தார். ஆனா, சண்டையில் அவர் சாது இல்லை. தரங்கம்பாடியில் இருந்த லுத்தரன் மிஷனரிகளோடு கடுமையாக மோதினார். வேத விளக்கம், பேதகம் மறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய மூன்றும் அந்த மோதலில் பிறந்தவை. அன்பைப் போதிக்கிறவரின் பேனாவில் அவ்வளவு காரம் தேவைதானா என்று தோன்றும். அந்தப் பக்கத்திலும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனா, கதை அங்கே முடியலை. பேச்சுத் தமிழைக் கற்றுக்கொள்ள லத்தீனில் அவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-ல் அச்சானது. அச்சடித்தது யார் தெரியுமா? அதே தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் அச்சகம். மதத்தில் ஒத்துப்போக முடியாதவர்கள், ஒரு நல்ல இலக்கணப் புத்தகத்தில் ஒத்துப்போனார்கள். கமென்ட்டில் சண்டை போட்டவரின் நல்ல பதிவை நாம் ஷேர் பண்ணுவோமா? யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

நீங்க தினமும் தொடுகிற அவர் வேலை

1732-ல் அவர் முடித்த சதுரகராதியையும் சொல்லாமல் விட முடியாது. அதுக்கு முன்னாடி வார்த்தைக்குப் பொருள் தேட நிகண்டுதான். நிகண்டு செய்யுளில் இருக்கும், மனப்பாடம் பண்ணினவங்களுக்குத்தான் முழுசா உதவும். வீரமாமுனிவர் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்காகப் பிரித்து, வார்த்தைகளை அகர வரிசையில் அடுக்கினார். மனப்பாடம் பண்ணாதவங்களும் தேடி எடுக்கலாம். நீங்க இன்னிக்கு சர்ச் பாக்ஸில் ஒரு வார்த்தையைப் போட்டுத் தேடுவதற்குப் பின்னால் இருப்பதும் அதே எண்ணம்தான்: அறிவு மனப்பாடம் செய்தவர்களோட சொத்து இல்லை. தமிழ் அகராதியின் தந்தை என்று அவரை அழைப்பது அதனால்தான்.

திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார். காமத்துப்பாலை விட்டுவிட்டார், துறவி ஆச்சே! அரியலூர் பக்கத்தில் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா ஆலயம் அமைத்து, பல வருஷம் அங்கே தங்கி எழுதினார். அந்த ஊருக்கு அவர் வைத்த பெயர் திருக்காவலூர். அந்த ஊரின் பேரிலேயே ஒரு கலம்பகமும் பாடினார்.

1740-களில் திருச்சிப் பகுதி போர்க்களமானது. வயதான முனிவர் தெற்கே நகர்ந்தார். 1747 பிப்ரவரி 4-ம் தேதி கேரளத்தின் அம்பலக்காட்டில் இறந்தார். 1968-ல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். கடற்கரையில் செல்ஃபி எடுக்கும்போது அடுத்த முறை கொஞ்சம் நின்னு பாருங்க.

நெய்வேலியில் இருக்கீங்கன்னா அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோணான்குப்பம் போயிட்டு வாங்க. பக்திக்காகத்தான் போகணும்னு இல்லை. 30 வயசுல எல்லாத்தையும் முதலில் இருந்து கற்றுக்கொள்ளத் துணிந்த ஒருத்தர் நடந்த மண் எப்படி இருக்குன்னு பார்க்கலாம். புத்தகக் கண்காட்சிக்கு லிக்னைட் ஹால் பக்கம் போகும்போது பரமார்த்த குரு கதை ஒண்ணு வாங்கிக்கோங்க. சிரிக்கலாம். சிரிச்சு முடிச்சதும், நாம எந்த குரு பின்னாடி போயிட்டிருக்கோம்னு ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

அப்புறம், போன்ல அடுத்த தடவை 'ே' போடும்போது அந்தச் சுழியைக் கொஞ்சம் கவனிங்க. அது ஒரு இத்தாலிக்காரர் நமக்குத் தந்துவிட்டுப் போனது.