ஆச்சாரியாரும் விற்பனை வரியும்

ஹோசூருக்கு அடுத்த தொரப்பள்ளியில் 1878-ம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி பிறந்தவர் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார். தந்தையார் அவ்வூர் முன்சீப். கிஸ்தி கட்ட வந்த குடியானவன் முகத்தைப் பாலியத்திலேயே அவர் கண்டிருக்க வேண்டும் என்பது நமது ஊகம். சேலத்தில் வக்கீல் தொழில், 1917 முதல் அந்நகரசபைத் தலைமை, ஒத்துழையாமை, சிறைவாசம், திருச்செங்கோட்டருகே காந்தி ஆசிரமம் ஆகியவை நேயர்கள் அறிந்தவையே. 1930-ல் உப்பு வரியை மீறத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர் படையை நடத்திச் சென்ற அவரே, ஒன்பது வருஷங்களுக்குப் பின் ஒரு புதிய வரியை இயற்றினார்.

1937 ஜூலையில் சென்னை மாகாணப் பிரதம மந்திரியானவர், அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். ஹோசூர், கிருஷ்ணகிரி, நம் சாமல்பட்டி யாவும் அன்று அந்த ஜில்லாவைச் சேர்ந்தவை. பிற ஜில்லாக்களுக்கும் மதுவிலக்குப் பரவப் பரவக் கள், சாராய வருமானம் கரைந்தது. நிலவரியை உயர்த்தினால் விவசாயி தாங்கமாட்டான். வருமான வரியோ மத்திய சர்க்கார் வசம். எஞ்சியது விற்பனை வரி. சரக்குகளின்மீது பொதுவாக விதிக்கப்பட்ட அத்தகைய வரி 1939-ம் வருஷத்துச் சென்னைச் சட்டத்துக்கு முன் இந்தியாவில் இருந்ததில்லை.

வரி வேண்டுமா என்ற விவாதத்துக்குள்ளே மற்றொரு விவாதம் ஒளிந்திருந்தது. சிறு வியாபாரி என்பவர் யார்? சட்டம் தந்த விடை இது: வருஷ விற்பனை 10,000 ரூபாய்க்குக் குறைந்தவருக்கு வரியில்லை; அதற்குமேல் 20,000 வரை மாதம் 5 ரூபாய்; அதற்கும் மேற்பட்டால் நூற்றுக்கு அரை ரூபாய். பெட்டிக்கடைக்காரரை அடியோடு விட்டுவிட்டதும், அடுத்தவருக்கு ஒரே தொகையாக வைத்ததும் நல்ல எண்ணத்தின் விளைவுகளே. ஆயினும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 10,000 ரூபாய்க்கு விற்றவர் வருஷத்தில் கட்டவேண்டியது 60 ரூபாய். அது நூற்றுக்கு 60 பைசா வீதமாகும். லட்ச ரூபாய்க்கு விற்றவருக்கோ நூற்றுக்கு 50 பைசாதான்! கோட்டைச் சற்றே தாண்டிய ஏழைக்கே வீதம் அதிகம்.

மேலும், விற்பனை வேறு, லாபம் வேறு. நூற்றுக்கு ஒரு ரூபாய் லாபத்தில் கடலைக்காய் கைமாற்றுபவருக்கு இந்த அரை ரூபாய் பாதி ஜீவனம். நூற்றுக்கு இருபது லாபம் வைப்பவருக்கு அது தூசு. சரக்கு கைமாறும் ஒவ்வொரு முறையும் வரி விழுந்ததால், பல சிறு கைகளின் வழியே வந்த பண்டம் அதிகம் சுமந்தது. கைத்தறித் துணிக்கு விலக்கு இருந்தது. ஆனால் அத்துணியை மட்டுமே விற்பவருக்குத்தான். மில் துணியும் வைத்தால்தான் பிழைக்க முடியும் என்றிருந்த சிற்றூர்க் கடைக்காரருக்கு அந்த "மட்டுமே" என்ற சொல் பெரிய சுவராயிற்று.

அதே வருஷம் அக்டோபரில் மந்திரிசபை விலகிற்று, வரி விலகவில்லை. யுத்த காலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கையே நிறுத்திவைத்தது. அப்போதும் வரி நின்றது. எந்தக் காரணத்துக்காகப் பிறந்ததோ அது போன பிறகும் பிழைத்திருப்பது வரிகளின் ஜாதகம் போலும்.

பிற்காலத்தில் கவர்னர் ஜெனரல் பதவி வகித்து, 1952-ல் முதல் மந்திரியாக வந்து உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியவர், 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்து, லைசென்ஸும் பர்மிட்டும் வியாபாரியை நெரிப்பதைக் கண்டித்தார். அவர் சட்டத்தின் இடத்தில் சென்னையில் புதிய விற்பனை வரிச் சட்டம் வந்ததும் அதே வருஷத்தில்தான். 1972 டிசம்பர் 25-ந் தேதி காலமானார்.

2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தது. இன்று நம் மாநிலத்தில் சரக்கு விற்பவருக்கு 40 லட்ச ரூபாய் வரை பதிவு வேண்டியதில்லை. ஆனால் சாமல்பட்டியில் மாங்காய் ஊறுகாய் போடுபவர் அதைச் சேலத்துக்கு அனுப்பும்வரைதான் சிறியவர். ஆச்சாரியார் பிறந்த ஹோசூர்ப் பக்கமாக எல்லை கடந்து பெங்களூர்க் கடைக்காரருக்கு ஒரு பெட்டி விற்றாலும், முதல் ரூபாயிலிருந்தே பதிவும் கணக்கும் கட்டாயம். 1939-ல் தொகையால் போட்ட கோட்டோடு இப்போது தூரத்தாலும் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள்.