ஆடற்பணியில் நின்ற அம்மையார்: தஞ்சை பாலசரஸ்வதி வரலாறு

ஐந்தொழில் நடனம் புரியும் அம்பலவாணப் பெருமானுடைய திருவருளால் திருக்குட நன்னீராட்டு விழாக் காணும் இந்நன்னாளில், கல்லும் சுதையும் கொண்டு நிறைவேறிய திருப்பணியைக் கண்டு நாமெல்லாம் களிகூர்கின்றோம். விமானம் பொலிவு பெற்றது, கலசங்கள் ஒளிர்கின்றன, யாகசாலையில் வேதமும் திருமுறையும் முழங்குகின்றன. எனினும் ஆலயம் என்பது கல்லினால் மட்டும் ஆயதன்று, தொண்டினாலும் ஆயது. மலர் தொடுப்போர், திருவிளக்கிடுவோர், நாகசுரமும் தவிலும் இசைப்போர், திருமுறை ஓதுவோர் ஆகிய பலருடைய பணியும் கூடிய இடத்தையே நம் முன்னோர் ஆலயம் என்றனர். அப்பணிகளுள் ஒன்று நாள்வழிபாட்டிலிருந்து அறவே நீங்கிவிட்டது. அதுவே ஆடற்பணி. அப்பணி ஆலயத்தை விட்டு நீங்கிய காலத்தில், அதன் உயிரைத் தம் உடலில் தாங்கிக் காத்தவர் ஒருவர். அவரே தஞ்சை பாலசரஸ்வதி அம்மையார். அவருடைய வரலாற்றை இம்மலரில் எழுதுதல் பொருத்தமுடைத்து என்று கருதி இதனை எழுதலானேன்.

ஆடல் மகளிர் சைவ உலகிற்குப் புதியோர் அல்லர். முதலாம் இராசராச சோழ மன்னர் தஞ்சைப் பெருவுடையார் கோயிலை எடுப்பித்தபோது, சோழநாட்டுத் தளிகள் பலவற்றிலிருந்தும் 400 தளிச்சேரிப் பெண்டுகளை வரவழைத்துக் குடியமர்த்தினார். ஒவ்வொருவர்க்கும் தனித்தனி மனையும், ஆண்டுதோறும் 100 கலம் நெல் தரும் பங்கும் அளித்து, அவர்களுடைய பெயர்களையும் கல்லில் வெட்டுவித்தார். திருவாரூரில் சுந்தரமூர்த்தி நாயனாரை மணந்த பரவையார் உருத்திர கணிகையர் குலத்தவர் என்பதைப் பெரியபுராணம் பயின்றோர் அறிவர். அப்பரவையாருடைய ஊடலைத் தீர்க்கும் பொருட்டு, நள்ளிரவில் இருமுறை தூது நடந்தவர் திருவாரூர்ப் பெருமானே அன்றோ! ஆண்டவன் தன் திருவடி நோவ நடந்து சென்ற வாயில் அக்குலத்தார் இல்லத்து வாயிலாகும். இதனை நாம் மறத்தல் தகாது.

பாலசரஸ்வதி அம்மையாருடைய முன்னோர் தஞ்சை அரசவையில் இசையும் நடனமும் வளர்த்தவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாப்பம்மாள் என்பவரிடமிருந்து அம்மரபை எண்ணுவர். பின்னர் அக்குடும்பம் சென்னை நகரில் குடியேறியது. அதில் தோன்றிய வீணை தனம்மாள் (1867–1938) புகழை அறியாத இசைவாணர் இலர். வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவருடைய இல்லத்தில் நிகழும் வீணையிசையைக் கேட்பதற்கு அக்காலப் பெரும் புலவர்கள் அமைதியாக வந்து அமர்வார்கள். பிற்காலத்தில் கண்ணொளி இழந்த பின்னும் அவருடைய விரல்கள் சுருதியின் நுட்பம் ஒன்றையும் இழந்தில. தனம்மாளின் புதல்வியர் நால்வருள் ஒருவர் ஜயம்மாள். அவருக்கு 1918ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் பிறந்த மகளே நம் அம்மையார். புல்லாங்குழல் வல்ல விசுவநாதனும் மிருதங்கம் வல்ல ரங்கநாதனும் இவருடைய தம்பியர்.

குழந்தைப் பருவத்தில் இவருக்கு நேர்ந்த முதல் ஆடலாசானைக் கேட்டால் வியப்புத் தோன்றும். சித்தம் கலங்கிய பிச்சைக்காரர் ஒருவர் தெருவில் ஆடிக்கொண்டு வருவார். அவரைக் கண்ட குழந்தையும் அவரோடு கூடத் தானும் ஆடுமாம். உலகம் பித்தன் என்று ஒதுக்கிய ஒருவரிடத்தில் அக்குழந்தையின் ஆடல் தொடங்கியது. பித்தன் என்ற பெயரை உவந்து ஏற்ற பெருமானை வழிபடும் நமக்கு இது வெறும் தற்செயலாகத் தோன்றுமோ!

ஆயினும் வீட்டில் தயக்கம் இருந்தது. ஆடல் மகளிரைச் சமூகம் இழித்துப் பேசத் தொடங்கிய காலம் அது. தனம்மாள் குடும்பத்தில் அதற்கு முன் இருந்த தலைமுறையினர் நடனத்தை மேற்கொள்ளாது இசையிலேயே நின்றுவிட்டனர். பழி வரும் என்று பலரும் அஞ்சியபோது, தாயார் ஜயம்மாள் மகளுடைய விருப்பத்திற்குத் துணை நின்றார். நான்காம் வயதளவில் பயிற்சி தொடங்கிற்று. ஆசிரியராக வாய்த்தவர் கந்தப்ப நட்டுவனார். இவர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர் மரபில் வந்தவர். முத்துசாமி தீட்சிதரிடம் இசை பயின்ற அந்நால்வரே, அலாரிப்பு முதல் தில்லானா ஈறாகச் சதிர்க் கச்சேரிக்கு இன்றுள்ள வரிசை முறையை வகுத்தவர்கள் ஆவர்.

கந்தப்பருடைய கண்டிப்புப் பெயர் பெற்றது. அடவு ஒன்று பிசகினாலும், தாளம் ஓர் அணு வழுவினாலும் அவர் பொறுத்திலர். ஒரே பாடலடிக்கு வெவ்வேறு வகையாகப் பொருள் விரித்து அபிநயம் செய்யும் மனோதர்மத்தையும் அவர் படிப்படியாக வளர்த்தார். வீட்டிலோ நாள் முழுதும் இசை. பாட்டியின் வீணையும் தாயாரின் பாட்டும் காதில் விழ வளர்ந்த குழந்தைக்கு இசை வேறு, நடனம் வேறு என்ற எண்ணமே எழவில்லை. பிற்காலத்தில் இவர் பதங்களுக்குத் தாமே பாடி அபிநயித்தபோது, கேட்பதும் காண்பதும் ஒன்றாகிவிட்டதாக அவையோர் உணர்ந்தனர். அந்த ஒருமைக்கு விதையிட்டது இவ்விளம்பருவமே. மயிலைக் கபாலீச்சரத்தில் ஆடற்பணி செய்த கௌரி அம்மாளுடைய அபிநயமும் இவருடைய உள்ளத்தில் ஆழப் பதிந்தது. சின்னையா நாயுடு, வேதாந்தம் லட்சுமிநாராயண சாஸ்திரி ஆகியோரிடமும் இவர் அபிநயம் பயின்றார்.

1925ஆம் ஆண்டில், ஏழாம் வயதில், காஞ்சி மாநகரில் அம்பிகையின் திருக்கோயிலில் இவருடைய அரங்கேற்றம் நிகழ்ந்தது. கட்டணம் பெறும் கொட்டகையில் அன்றி, இறைவியின் திருமுன்னரே முதற் சதங்கை ஒலித்தது என்பதை அன்பர்கள் கருதுதல் வேண்டும்.

அக்காலத்துச் சூழலையும் நடுவுநிலையில் நின்று நோக்குதல் கடமையாகும். 1927ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் அவர்கள் பெண் குழந்தைகளைப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்கள். அறியாச் சிறுமியரின் வாழ்வைப் பிறர் நலத்துக்குப் பலியிடும் கொடுமை அவ்வழக்கத்தில் புகுந்துவிட்டதை யாரும் மறுத்தற்கில்லை. 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்டம் அதனை முற்றும் தடை செய்தது. அச்சட்டத்தின் நோக்கம் அறத்தின்பாற்பட்டதே. ஆயின் களை பறித்த கை பயிரையும் சேர்த்துப் பறித்தது. திருக்கோயிலில் ஆடும் உரிமையும் அதனோடு போயிற்று. மதிப்பிழந்த அம்மகளிருக்கு மாற்று மதிப்பை அளிக்கச் சமூகம் முன்வரவில்லை.

இடையில், 1930களில் சென்னை வித்துவத் சபையும் ஈ. கிருஷ்ணையர் போன்ற அறிஞர்களும் சதிருக்குப் புது மேடை அமைத்தனர். 1933ஆம் ஆண்டில் பாலசரஸ்வதி அம்மையார் வித்துவத் சபையில் ஆடினார். 1934ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று ஆடி, வடநாட்டார் முன் இக்கலையின் பெருமையை நாட்டினார். அப்பொழுது வயது பதினாறே. பரதநாட்டியம் என்னும் பெயர் நாடெங்கும் பரவியது. உயர்குடிப் பெண்கள் பலர் கற்க முன்வந்தனர். கலை மதிப்புப் பெற்றது. அதனை ஈராயிரம் இடர்களுக்கிடையே காத்துத் தந்த குலத்தார்க்கோ அம்மதிப்பில் பங்கு கிடைத்திலது.

துன்பங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1938இல் பாட்டியார் தனம்மாள் மறைந்தார். உதயசங்கரருடைய கலை நிலையத்தில் பயிற்றும் பொருட்டு அல்மோரா சென்ற ஆசிரியர் கந்தப்பரும் 1941இல் காலமானார். பின்னர்க் காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளை நட்டுவாங்கம் செய்தார். அம்மையாரின் உடல்நலம் குன்றியது. மேடை வாய்ப்புகள் அருகின.

அந்நாட்களில் நிகழ்ந்ததாக ஒரு செய்தியை அவருடைய வரலாறு உரைப்போர் குறிப்பர். அம்மையார் திருத்தணிகை முருகப்பெருமானிடத்தில் பேரன்பு பூண்டவர். மனம் நொந்த நிலையில் அத்திருக்கோயிலுக்குச் சென்று, பெருமான் திருமுன் ஒருமுறை ஆட விரும்பினார். சட்டம் தடுத்திருந்தது. ஆதலின் காவலாளியை எவ்வாறோ இசைவித்து, அவையோரும் பக்கவாத்தியமும் இன்றி, தனியராய் ஆடி வழிபட்டுத் திரும்பினார். முன்னோர்க்கு நெல்லும் மனையும் அளித்து அழைத்த ஆலயத்தினுள், அம்மரபின் தலைசிறந்த மகள் ஒளிந்து ஆட நேர்ந்தது. இதனை நினைக்குந்தோறும் அடியேன் நெஞ்சம் உருகும். காண்பார் இல்லாத இடத்தில் காணவேண்டியவன் ஒருவன் கண்டிருப்பான் என்பதே நமக்குள்ள ஆறுதல்.

1953ஆம் ஆண்டில் வித்துவத் சபையின் ஆதரவில் அம்மையார் நடனப் பள்ளி தொடங்கினார். கந்தப்பருடைய திருமகனார் கணேசன் இவருக்கு நட்டுவாங்கத் துணையாக அமைந்தார். ஆசிரியர் குடும்பமும் மாணவியும் அடுத்த தலைமுறையிலும் பிரியாதிருந்தமை நம் குருபரம்பரை நெறிக்குச் சிறந்த சான்று. விரைந்து கற்று மேடையேற விழைவோர்க்கு அவர் இடம் கொடார். இசையறிவு முதிராத உடலில் அபிநயம் ஒட்ட வைத்த பூச்சே என்பது அவர் கொள்கை.

பின்னர்ப் பெருமைகள் அவரைத் தேடி வந்தன. 1955இல் சங்கீத நாடக அகாதெமி விருதும், 1957இல் பத்மபூஷணும், 1977இல் பத்மவிபூஷணும் பெற்றார். 1973ஆம் ஆண்டில் வித்துவத் சபை இவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது. இசைவாணர்க்கே உரிய அவ்விருது நடனக் கலைஞர் ஒருவர்க்கு வழங்கப்பெற்றது அதுவே முதன்முறை. 1961இல் டோக்கியோவிலும், 1962இல் அமெரிக்காவிலும், 1963இல் எடின்பரோ விழாவிலும் ஆடினார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் பயிற்றினார். அவருடைய தம்பியர் இருவரும் அப்பல்கலைக்கழகத்தில் நம் இசையைக் கற்பித்தனர். சத்யஜித் ராய் 1976இல் இவரைப் பற்றி ஆவணப்படம் ஒன்று எடுத்தார். அதில் அம்மையார் கடற்கரையில் நின்று, கண்ணனை அழைக்கும் தாயாய் அபிநயிப்பதை இன்றும் காணலாம்.

அம்மையார் உறுதியாக நின்ற கொள்கை ஒன்றை இங்கே விளக்குதல் வேண்டும். பதங்களில் வரும் சிருங்காரத்தை நீக்கிக் கலையைத் தூய்மை செய்யவேண்டும் என்று சிலர் கருதினர். அம்மையார் அதற்கு உடன்பட்டிலர். சிருங்காரமே உயிர் இறைவனை நாடும் ஏக்கத்தின் முதிர்ந்த வடிவம். அதனிடத்து மாசு இல்லை. மாசு இருப்பின் அது காண்பார் உள்ளத்தது என்பது அவர் கருத்து. இது சைவர்க்கு அயலான கருத்தன்று. மாணிக்கவாசக சுவாமிகள் அருளிய திருக்கோவையார் 400 பாடல்களும் அகத்துறையாக அமைந்தவை. அப்பர் பெருமானும் தலைவி நிலையில் நின்று பாடியுள்ளார். நூலில் நாம் வணங்கும் பொருளை, உடலால் உரைத்த மகளிரிடத்து மட்டும் இழிந்ததாகக் காண்பது எவ்வாறு பொருந்தும்?

1975ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழிசைச் சங்க விழாவில் தலைமையேற்று அவர் ஆற்றிய உரை, ஆலய வழிபாட்டினர் அனைவரும் அறியத்தக்கது. நடனக் கச்சேரியின் வரிசை முறையை அவர் திருக்கோயிலின் அமைப்போடு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுர வாயில். ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம். சப்தம் பெரிய மண்டபம். வர்ணத்தில் இறைவனது சந்நிதியை அடைகின்றோம். பதங்களோ கருவறையின் குளிர்ந்த அமைதி. அங்கே தாளத்தின் ஆரவாரம் அடங்கி உள்ளம் கனிகின்றது. தில்லானா கற்பூர ஆரத்தியின்போது எழும் மணியோசை போன்றது. ஈற்றில் வரும் சுலோகத்தில், வெளியே வழிபட்ட தெய்வத்தை அடியார் தம் நெஞ்சில் இருத்திக்கொண்டு மீள்கின்றார். ஆலயத்தில் ஆட இடமின்றிப் போனவர், ஆடலையே ஆலயமாகக் கண்டார். மேடை எங்கிருப்பினும் அவருக்கு அது சந்நிதியாயிற்று.

தாயார் ஜயம்மாள் 1967இல் மறைந்தார். அம்மையார் 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். மகள் லட்சுமி தாயாரிடம் கற்ற ஆடலைத் தொடர்ந்து 2001இல் மறைந்தார்.

மெய்யன்பர்களே, அடியேன் இளமையில் திருமடத்துப் பாடசாலையில் பயின்றபோது, கூத்தப்பெருமானுடைய ஐந்தொழிலையும், துடியும் அனலும் உணர்த்தும் பொருளையும் ஆசிரியர்களிடம் விரிவாகக் கேட்டேன். அப்பெருமான் திருமுன் நூற்றாண்டுகளாக ஆடி வந்தவர்கள் யார், அவர்கள் எங்கே சென்றனர் என்று அடியேன் வினவியதில்லை. வினவாமல் எழுபது வயதைக் கடந்தது பிழையே. அப்பிழைக்குக் கழுவாயாகவும் இச்சிறு கட்டுரை அமைக.

பொட்டுக் கட்டும் வழக்கம் மீளவேண்டுவதில்லை, மீளவும் கூடாது. ஆயினும் நன்றியுணர்வு மீளலாம். இராசராசப் பெருவேந்தர் ஆடல் மகளிர் பெயர்களைத் தம் பெயரோடு ஒரே கோயிற் கல்லில் பொறித்தார். இக்குட நன்னீராட்டிற்கு வாரி வழங்கிய வள்ளல்களின் பெயர்களும் கல்லில் பொறிக்கப்பெறும். பொருள் தந்தாரைப் போற்றும் அதே நெஞ்சம், தம் வாழ்வையே தந்தாரையும் போற்றுக. திருவிழாக் காலத்தில் நம் ஆலய மண்டபத்தில் ஒரு சிறுமி சதங்கை கட்டி ஆடும்போது, அவ்வோசை எவருடைய கண்ணீரைக் கடந்து நம்மிடம் வந்தது என்று ஒரு கணம் நினைப்போமாக. அந்நினைவே பாலசரஸ்வதி அம்மையாருக்கு நாம் செலுத்தும் வழிபாடாகும்.

ஆடிய திருவடி நம்மை ஆள்க. ஆடற்பணி செய்தார் அனைவர் புகழும் வாழ்க.

திருச்சிற்றம்பலம்