காயக்காரருக்குக் கட்டுப்போட்ட வைத்தியர்: வானொலி நாடகம் சொல்லாமல் விட்ட பாதி

1865 ஏப்ரல் 15, விடியற்காலை நான்கு மணியளவில் அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்தில் ஒரு புகையிலைத் தோட்ட வீட்டின் கதவு தட்டப்பட்டது. குதிரைகளில் இருவர் வந்திருந்தனர். ஒருவருக்கு இடது கால் எலும்பு முறிந்திருந்தது. வீட்டுக்காரரான வைத்தியர் சாமுவேல் மட், வீங்கிய காலிலிருந்து சப்பாத்தை வெட்டியெடுத்து, பலகைத் துண்டு வைத்துக் கட்டி, படுக்கவும் இடம் கொடுத்தார். அவருக்கு அப்போது 31 வயது. கட்டுப்போட்டுக்கொண்டவர் நடிகர் ஜோன் வில்க்ஸ் பூத். சுமார் ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர், வொஷிங்டனில் உள்ள ஃபோர்ட் நாடக அரங்கில் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனைச் சுட்டுவிட்டு வந்திருந்தார்.

இந்தக் காட்சியை அமெரிக்கர்கள் நீண்டகாலம் காதால்தான் 'பார்த்தார்கள்'. ஜோன் ஃபோர்ட் 1936இல் எடுத்த திரைப்படம், 1938 மே மாதம் லக்ஸ் வானொலி அரங்கில் ஒரு மணிநேர நாடகமானது. சவர்க்காரக் கம்பனியின் அனுசரணை. வைத்தியராக ஹொலிவூட் நட்சத்திரம் கரி கூப்பர். 1947இல் சிபிஎஸ் வானொலி இன்னொரு தொடரை ஆரம்பித்தது. வரலாற்றுச் சம்பவ இடத்தில் தன் செய்தியாளர்கள் நிற்பதுபோல நேரடி வர்ணனை செய்யும் அந்தத் தொடரில் லிங்கன் கொலையும் இடம்பெற்றது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டு வளர்ந்த நமக்கு, குரல் மட்டும் வரும்போது எவ்வளவு எளிதாக நம்பிவிடுவோம் என்று தெரியும். கூப்பரின் குரலில் வந்த வைத்தியர் ஒரு பாவமும் அறியாதவர்.

உண்மையான மட் 1833இல் பிறந்தவர். 1856இல் பால்டிமோரில் மருத்துவப் பட்டம் பெற்று, மறுவருடம் திருமணம் செய்தார். அவருடைய தோட்டத்தில் அடிமைகள் வேலை செய்தனர். மேரிலண்டில் 1864இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது அந்த வாழ்க்கை ஆட்டங்கண்டது. அதே வருடம் நவம்பரில் பூத் அவரைச் சந்தித்து அவர் வீட்டில் தங்கினார். டிசம்பரில் இருவரும் வொஷிங்டனில் மீண்டும் சந்தித்தனர். விசாரணையாளர்களிடம் மட் அந்த இரண்டாவது சந்திப்பை மறைத்தார். காயக்காரரை அடையாளம் தெரியவில்லை என்றும் சொன்னார். வெட்டியெடுத்த சப்பாத்துக்குள் பூத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தது.

வழக்கு நடந்த விதம் வேறொரு கதை. வொஷிங்டனில் சிவில் நீதிமன்றங்கள் இயங்கிக்கொண்டிருக்க, எட்டுப் பொதுமக்களை ஒன்பது இராணுவ அதிகாரிகள் விசாரித்தனர். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் தமக்காகச் சாட்சி சொல்ல முடியாது. நான்கு பேர் தூக்கிலிடப்பட்டனர். மரண தண்டனைக்கு ஆறு வாக்குகள் தேவை. மட் ஒரேயொரு வாக்கால் தப்பி ஆயுள் சிறை பெற்றார். நீதிமன்றங்கள் இயங்கும் இடத்தில் பொதுமக்களை இராணுவம் விசாரிக்க முடியாது என்று உயர்நீதிமன்றம் மறுவருடம் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதை வைத்து மட் செய்த மனுவும் பலிக்கவில்லை.

அந்த வழக்கில் சாட்சி சொன்னவர்களில் மட்டின் முன்னாள் அடிமைகளும் இருந்தனர். அவர்களில் ஒருவர் மட்டினால் காலில் சுடப்பட்டவர். திரைப்படத்தில் கறுப்பின மக்கள் எசமான்மீது பாசம் கொண்ட வேலையாட்களாகவே வருகிறார்கள். என்னை உறுத்துவது இதுதான். அநீதியான விசாரணைக்கு ஆளான ஒருவரைக் குற்றமேயற்றவராக்க, அவரால் பாதிக்கப்பட்டவர்களின் வாயை அடைக்க வேண்டியிருந்திருக்கிறது.

புளோரிடாவின் கீ வெஸ்டுக்கு மேற்கே சுமார் 110 கிலோமீற்றர் தொலைவில், கடல் நடுவே ஜெஃபர்சன் கோட்டை. 1865 செப்டெம்பரில் அங்கிருந்து கப்பலில் ஒளிந்து தப்ப முயன்று பிடிபட்டார். கறுப்பினப் படையினர் காவலுக்கு வந்ததைத் தாங்கமுடியாமல் போனதாகக் கடிதத்தில் எழுதினார். காலில் விலங்கு பூட்டி நிலவறையில் அடைத்தார்கள்.

1867இல் கோட்டைக்குள் மஞ்சள் காய்ச்சல் பரவியது. இராணுவ வைத்தியரே இறந்துபோனார். நுளம்பால் பரவுவது என்று அப்போது எவருக்கும் தெரியாது. கைதியான மட் பொறுப்பெடுத்துக்கொண்டு, தன்னைக் காவல் காத்த படையினருக்கும் சக கைதிகளுக்கும் வைத்தியம் பார்த்தார். அவரையும் காய்ச்சல் பிடித்தது, பிழைத்தார். உடன் தண்டிக்கப்பட்ட மைக்கேல் ஓலாக்லன் பிழைக்கவில்லை. மட்டை விடுவிக்குமாறு படையினரே மனு எழுதினர். 1869 பெப்ரவரியில் ஜனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன் பொதுமன்னிப்பு வழங்கினார்.

வீடு திரும்பியவர் பழையபடி புகையிலை பயிரிட்டு, வைத்தியமும் பார்த்தார். தீவிலே அவரோடு சிறையிருந்த மேடைத் தச்சர் எட்மன் ஸ்பாங்க்லர் பின்னர் அவரைத் தேடி வந்து, 1875இல் இறக்கும்வரை அந்தத் தோட்டத்திலேயே வாழ்ந்தார். மட் 1883 ஜனவரியில், 49 வயதில், நியுமோனியாக் காய்ச்சலால் இறந்தார்.

மன்னிப்பு என்பது குற்றமற்றவர் என்ற தீர்ப்பு அல்ல. அந்தத் தீர்ப்புக்காக அவருடைய பேரன் பல தசாப்தங்கள் அலைந்தார். ஜனாதிபதிகளான கார்ட்டரும் ரேகனும் அனுதாபக் கடிதங்கள் அனுப்பினர், இராணுவமோ அசையவில்லை. பேரன் 2002இல், 101 வயதில் காலமானார். வைத்தியர் வெட்டியெடுத்த சப்பாத்து இன்று ஃபோர்ட் நாடக அரங்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.