தமிழ்த் தாத்தாவிடம் கேள்வி கேட்டவர்!

குழந்தைகளே! தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஊர் ஊராக அலைந்து ஓலைச்சுவடிகளைத் தேடி, அச்சில் ஏற்றியவர். அவரைப் பழந்தமிழ் நூல்களின் பக்கம் திருப்பிவிட்டவர் ஒரு சேலத்துக்காரர் என்பது தெரியுமா? அவர்தான் சேலம் இராமசாமி முதலியார்.

1852-ஆம் ஆண்டு பிறந்த இவர், சட்டம் படித்து முன்சீப் ஆனார். முன்சீப் என்றால், சொத்து போன்ற வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி. ஆங்கிலம் நன்கு கற்றிருந்தும், பழைய தமிழ்க் காப்பியங்கள் மீது இவருக்குத் தீராத ஆசை.

1880-ஆம் ஆண்டு கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்தார். அங்கே கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார் சாமிநாதையர். வயது 25. புகழ்பெற்ற மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்.

அக்டோபர் மாதத்தில் ஒரு நாள், முதலியாரைப் பார்க்கச் சென்றார் சாமிநாதையர். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார் முதலியார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று நீளமாகப் பட்டியல் சொன்னார் ஐயர். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை! இவற்றுக்கும் முந்திய சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலையைப் படித்ததுண்டா என்று கேட்டார்.

ஐயர் திகைத்துப் போனார். அவற்றை அவர் படித்ததே இல்லை. காரணம், அந்த நூல்கள் அப்போது எளிதில் கிடைக்கவில்லை. சிந்தாமணியில்கூட முதல் பகுதி மட்டுமே அச்சாகி இருந்தது.

முதலியார் அத்துடன் விடவில்லை. தம்மிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்து, தமக்குப் பாடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். இருவரும் சேர்ந்து படிக்கத் தொடங்கினர். 3,145 பாடல்கள்! சமண முனிவர் திருத்தக்கதேவர் எழுதியது. பல சொற்களுக்குப் பொருள் விளங்கவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களிடம் போய்ச் சந்தேகம் கேட்டார் ஐயர். நச்சினார்க்கினியர் எழுதிய உரையிலோ, பெயர் சொல்லாமல் எத்தனையோ பழைய நூல்களின் வரிகள் வந்தன. ஒரு சொல்லைப் புரிந்துகொள்ளப் பத்து நூல்களைத் தேட வேண்டியிருந்தது. அந்தத் தேடலில்தான் சங்க நூல்கள் அவருக்கு அறிமுகமாயின.

மொழியின் வேர்ச் சொற்கள் பழம்பாடல்களில் பத்திரமாக இருக்கின்றன. அரபு மொழியை ஆழமாகக் கற்பவர்கள், 1,400 ஆண்டுகளுக்கு முந்திய கவிதைகளைப் படிப்பதும் இதற்காகத்தான்.

1885-ஆம் ஆண்டு முதலியார் இங்கிலாந்து சென்றார். வங்காளத்தின் மன்மோகன் கோஷ், பம்பாயின் சந்தாவர்க்கர் ஆகியோருடன், இந்தியரின் குறைகளை ஆங்கிலேய வாக்காளர்களிடம் எடுத்துச் சொன்னார். திரும்பிய பிறகும் தமிழை மறக்கவில்லை. நூலை அச்சிடச் சென்னை வந்த ஐயரைத் தம் வீட்டில் தங்க வைத்து உதவினார்.

1887-ஆம் ஆண்டு சீவக சிந்தாமணி முழுமையாக வெளிவந்தது. 1892-ஆம் ஆண்டு, 40 வயது நிறையும் முன்பே முதலியார் காலமானார். சிலப்பதிகாரம் அந்த ஆண்டிலும், மணிமேகலை 1898-ஆம் ஆண்டிலும் ஐயரின் பதிப்பாக வந்தன. முதலியார் கேட்ட மூன்று நூல்களும் தமிழருக்குக் கிடைத்துவிட்டன!

குழந்தைகளே, நீங்கள் வகுப்பில் படிக்கும் சங்கப் பாடல்களுக்குப் பின்னால் இந்தக் கேள்வியும் இருக்கிறது. அடுத்த முறை செய்யுளில் புரியாத சொல் வந்தால் தாண்டிப் போகாதீர்கள். அகராதியைப் பாருங்கள், ஆசிரியரிடம் கேளுங்கள். ஒரு சொல் உங்களை எங்கே அழைத்துப் போகும் என்று யாருக்குத் தெரியும்?